டூர் பஸ்ஸா, ஊர் பஸ்ஸா? புது நகரத்தைச் சுற்றிப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

டூர் பஸ் என்றாலே காசு பறிக்கிற வேலை என்று ஒரு கட்சி. மொழி தெரியாத ஊரில் மெட்ரோ மாறி மாறி அலைவதைவிட ஒரே பஸ்ஸில் நிம்மதியாக உட்காரலாம் என்று இன்னொரு கட்சி. இரண்டு தரப்புமே இரண்டு வண்டிகளையும் ஒரே வேலைக்கானவை என்று எடுத்துக்கொண்டுதான் சண்டை போடுகின்றன. டூர் பஸ் ஊரைப் பார்ப்பதற்கு. மெட்ரோவும் டவுன் பஸ்ஸும் ஓரிடத்துக்குப் போய்ச் சேர்வதற்கு. பார்க்கிற வண்டியை ஏறி ஏறி இறங்கும் ஆட்டோவாக்கினால் நேரம் போகும். பூமிக்கடியில் ஓடும் ரயிலிலேயே நாள் முழுக்கக் கிடந்தால் ஊர் கண்ணில் படாது. எந்த நாளில், எந்த வேலைக்கு எதைப் பிடிப்பது என்று முடிவெடுக்கத்தான் இந்த வழிகாட்டி. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே பாதி வேலையை முடித்துவிடலாம்.

படி 1: உள்ளே போகிற இடம், வெளியே நின்று பார்க்கிற இடம்

பார்க்க நினைக்கும் இடங்களையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'உள்ளே' அல்லது 'வெளியே' என்று குறியுங்கள். பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் 'உள்ளே'. அதே ஊரின் ஆர்க் த ட்ரியோம்ஃப் வளைவு பலருக்கும் 'வெளியே'தான். ஒரு பார்வை, ஒரு போட்டோ, முடிந்தது. லண்டனில் டவர் கோட்டை 'உள்ளே', பிக் பென் 'வெளியே'.

'வெளியே' பட்டியல் நீண்டால் டூர் பஸ்ஸுக்கு வேலை இருக்கிறது. 'உள்ளே' பட்டியல் நீண்டால், நீங்கள் அருங்காட்சியகத்துக்குள் மூன்று மணி நேரம் இருக்கும்போது வெளியே டூர் பஸ் டிக்கெட்டின் நேரமும் சேர்ந்து கரைந்துகொண்டிருக்கும்.

நுழைவு நேரம் குறித்து முன்பதிவு செய்த இடங்களைத் தனியாக வட்டமிடுங்கள். பத்தரை மணி நுழைவுக்கு டூர் பஸ்ஸை நம்பிப் போகக் கூடாது. சாலை நெரிசலில் அது எப்போது வரும் என்று ஓட்டுநருக்கே தெரியாது. அந்த இடங்களுக்கு மெட்ரோதான்.

விடுமுறை நாளையும் இப்போதே பார்த்துவிடுங்கள். லூவர் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். அதே ஊரின் ஓர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. பஸ் அன்றைக்கும் அந்த வாசலில் நிற்கும், ஆனால் கதவு திறக்காது.

படி 2: வரைபடத்தில் புள்ளி வையுங்கள்

எழுதிய இடங்களைக் கூகுள் மேப்ஸில் சேமித்துவிட்டுப் பெரிதாக்காமல் ஒருமுறை பாருங்கள். பெரும்பாலும் புள்ளிகள் இரண்டு மூன்று கொத்தாகத்தான் விழும். ஒரு கொத்துக்குள் நடைதான் வாகனம். ரோமில் பாந்தியன், நவோனா சதுக்கம், ட்ரெவி நீரூற்று மூன்றும் நடந்தே பார்க்கிற தூரத்தில் இருக்கின்றன. அந்தச் சந்துகளுக்குள் பெரிய பஸ் நுழையவும் முடியாது. டூர் பஸ் விளம்பரத்தில் 'ட்ரெவி நீரூற்று நிறுத்தம்' என்று போட்டிருந்தால், இறங்கிய பிறகு எவ்வளவு நடக்க வேண்டும் என்று மேப்பில் அளந்து பார்ப்பது உங்கள் பொறுப்பு.

மெட்ரோ வரைபடத்தை வைத்துத் தூரத்தைக் கணிக்காதீர்கள். ஹாரி பெக் என்பவர் லண்டனுக்கு வரைந்து 1933-இல் வெளியான மாதிரியைத்தான் இன்று உலகெங்கும் மெட்ரோக்கள் பின்பற்றுகின்றன: கோடுகள் நேராக இருக்கும், நிலையங்கள் ஏறக்குறையச் சம இடைவெளியில் இருக்கும், தூரம் மட்டும் நிஜமாக இருக்காது. லண்டனில் லெஸ்டர் ஸ்கொயர் நிலையத்துக்கும் கோவென்ட் கார்டன் நிலையத்துக்கும் இடையே 300 மீட்டர்கூட இல்லை. வரைபடத்தில் பார்த்தால் ஒரு ஸ்டாப் தள்ளியிருப்பதாகத் தோன்றும். படியிறங்கி, ரயிலுக்குக் காத்திருந்து, மறுபடி மேலே ஏறி வருவதற்குள் நடந்து போனவர் அங்கே காபி குடித்துக்கொண்டிருப்பார்.

இந்தப் படியிலேயே சில ஊர்களுக்குக் கேள்வி தீர்ந்துவிடும். எல்லாப் புள்ளியும் இரண்டு கிலோமீட்டருக்குள் விழுந்தால் இரண்டு பஸ்ஸும் வேண்டாம், நல்ல செருப்பு போதும். புள்ளிகள் நகரமெங்கும் சிதறிக் கிடந்தால் மேலே படியுங்கள்.

படி 3: டூர் பஸ்ஸின் டிக்கெட்டை வாங்கும் முன் அதன் அட்டவணையை வாங்குங்கள்

டூர் பஸ்ஸில் இரண்டு வகை உண்டு. காலையில் ஏற்றி, கைடு ஒருவர் கூடவே வந்து, மாலையில் இறக்கிவிடுகிற கோச் ஒன்று. ஹாப்-ஆன் ஹாப்-ஆஃப் என்று விற்கப்படுகிற, எங்கே வேண்டுமானாலும் இறங்கி அடுத்த வண்டியில் ஏறிக்கொள்கிற மேல்தளம் திறந்த பஸ் இன்னொன்று. நகரத்துக்குள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் விற்பார்கள், குழப்பமும் அதில்தான். ஐந்து விஷயங்களுக்கு விடை தெரியாமல் அதற்குப் பணம் கட்டாதீர்கள்: ஒரு முழுச் சுற்றுக்கு எவ்வளவு நேரம், எத்தனை நிமிடத்துக்கு ஒரு பஸ், கடைசி பஸ் எப்போது, டிக்கெட் 24 மணி நேரத்துக்கா அந்த ஒரு தேதிக்கா, பஸ் ஒரே திசையில் சுற்றுகிறதா?

கடைசிக் கேள்வியைத்தான் பலரும் கேட்பதில்லை. பெரும்பாலான ஹாப்-ஆன் பஸ்கள் ஒரே திசையில்தான் சுற்றும். இரண்டு மணி நேரச் சுற்று, பத்து நிறுத்தங்கள் என்று வையுங்கள். நான்காவது நிறுத்தத்தில் இருக்கிற நீங்கள் மூன்றாவதுக்குத் திரும்ப வேண்டுமென்றால் மிச்சமிருக்கும் ஒன்பது பங்கையும் சுற்றி வர வேண்டும். அதாவது 108 நிமிடம். எதிர்ப்பக்கம் போய் டவுன் பஸ் பிடித்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடிகிற பயணம் அது.

இன்னொரு கணக்கு. அதே இரண்டு மணி நேரச் சுற்று, 20 நிமிடத்துக்கு ஒரு பஸ். நான்கு இடங்களில் இறங்கி, ஒவ்வொன்றிலும் ஒன்றரை மணி நேரம் செலவிடுகிறீர்கள். பஸ்ஸில் 120 நிமிடம், இடங்களில் 360 நிமிடம். முதலில் ஏறியதையும் சேர்த்து ஐந்து முறை ஏறுகிறீர்கள். சராசரியாகப் பத்து நிமிடம் காத்திருந்தால் அது 50 நிமிடம். ஆக மொத்தம் 530 நிமிடம், ஏறத்தாழ ஒன்பது மணி நேரம். பஸ் காலை 9 முதல் மாலை 5 வரைதான் ஓடுமென்றால் இந்தத் திட்டம் நடக்காது. மூன்று இடம் என்று குறைத்தால் ஏழு மணி பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். 'இருபது இடங்கள், ஒரே டிக்கெட்' என்ற விளம்பரத்தை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படியுங்கள்.

அந்த டிக்கெட்டை நன்றாகப் பயன்படுத்த ஒரு வழி உண்டு. 24 மணி நேர டிக்கெட்டாக இருந்தால், ஊர் வந்து சேர்ந்த நாள் மதியம் இரண்டு மணிக்கு ஏறுங்கள். எங்கும் இறங்காமல் ஒரு முழுச் சுற்று. பயணக் களைப்பில் நடக்கத் தெம்பில்லாத நேரம், உட்கார்ந்தபடியே ஊரின் அமைப்பு பிடிபட்டுவிடும்: ஆறு எந்தப் பக்கம், பழைய ஊர் எது, எந்த இடம் போட்டோவில் மட்டும் அழகு. மறுநாள் காலை முதல் வண்டியில் ஏறி, மதியம் வரை பிடித்த இரண்டு இடங்களில் இறங்கிக்கொள்ளலாம். ஒரு தேதிக்கு மட்டும் செல்லும் டிக்கெட் என்றால் இந்த உபாயம் பலிக்காது. காலையிலேயே ஏறிவிட வேண்டும்.

வர்ணனையையும் விசாரியுங்கள். பெரும்பாலான பஸ்களில் காதில் மாட்டிக் கேட்கும் பதிவுதான். மொழிப் பட்டியலில் தமிழ் இருப்பது அபூர்வம். பஸ் எங்கே நிற்கிறதோ அதற்கேற்பப் பதிவு ஓடும். நெரிசலில் மாட்டினால் அரை மணி நேரத்துக்குப் பாட்டுதான் கேட்கும். நேரில் பேசுகிற கைடு இருக்கும் பஸ்ஸுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும் என்பது என் எண்ணம். கேள்வி கேட்கலாம், 'இங்கே இறங்காதீர்கள், அடுத்ததில் இறங்குங்கள்' என்கிற மாதிரி உபயோகமான பேச்சும் அவர்களிடமிருந்துதான் கிடைக்கும்.

படி 4: ஊர் வண்டியில் பணம் கட்டும் முறையைத் தெரிந்துகொள்ளுங்கள்

பொதுப் போக்குவரத்தில் புதியவர்கள் தடுமாறுவது வழியில் அல்ல. வழியை போன் சொல்லிவிடும். தடுமாற்றமெல்லாம் டிக்கெட்டில்.

பாஸ் வாங்கும் முன், அந்த ஊரில் தினசரி உச்சவரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். லண்டனில் கான்டாக்ட்லெஸ் கார்டையோ (கருவியில் தொட்டாலே பணம் பிடிக்கிற வங்கிக் கார்டு) ஆய்ஸ்டர் கார்டையோ (அந்த ஊரின் போக்குவரத்துக் கார்டு) கருவியில் தட்டிக்கொண்டே போகலாம். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்ற வரம்பைத் தொட்டதும் அதற்கு மேல் பிடிக்கமாட்டார்கள். அங்கே நாள் என்பது அதிகாலை 4.30-க்குத் தொடங்கும். ஆனால் ஒரே கார்டைத்தான் நாள் முழுக்கத் தட்ட வேண்டும். காலையில் கார்டு, மாலையில் அதே கார்டை ஏற்றிய போன் என்று மாற்றினால் கணினிக்கு அது இரண்டு பயணிகள், வரம்பும் தனித்தனி. கணவன் மனைவி இருவரும் ஒரே கார்டைத் தட்டவும் முடியாது. லண்டன் பஸ்ஸில் 2014-இலிருந்து ரொக்கமே வாங்குவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

உச்சவரம்பு இல்லாத ஊரில்தான் பாஸ் கணக்கு போட வேண்டும். ஒரு நாளில் எத்தனை முறை ஏறுவீர்கள் என்று நேர்மையாக எண்ணுங்கள். இரண்டு மூன்று முறைதான் என்றால் தனி டிக்கெட்டே லாபமாக இருக்கக்கூடும். வாரப் பாஸ் என்றால் எந்தக் கிழமை தொடங்குகிறது என்று பாருங்கள். பாரிஸின் நவிகோ வாரப் பாஸ் எப்போது வாங்கினாலும் திங்கள் முதல் ஞாயிறு வரைக்கும்தான். திங்களன்று இறங்குபவருக்கு அது வரப்பிரசாதம். வியாழனன்று இறங்குபவருக்கு நான்கே நாள். விமான நிலைய ரயில் பாஸில் சேருமா என்பதையும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பல ஊர்களில் சேராது.

தட்டுவதிலும் ஊருக்கு ஊர் முறை வேறு. சிங்கப்பூர் பஸ்ஸில் ஏறும்போதும் இறங்கும்போதும் தட்ட வேண்டும். இறங்கும்போது மறந்தால் கூடுதல் கட்டணம். லண்டன் பஸ்ஸில் ஏறும்போது மட்டும், அங்கேயே மெட்ரோவில் இரண்டு முறையும். ஹாங்காங் ட்ராமில் பின்பக்கம் ஏறி, முன்பக்கம் இறங்கும்போதுதான் பணம். பெர்லினில் தாள் டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது, முத்திரை இயந்திரத்தில் விட்டு நேரம் பதிக்க வேண்டும். முத்திரையில்லாத டிக்கெட் டிக்கெட்டே இல்லை என்பதுதான் பரிசோதகரின் நியாயம். சுற்றுலாப் பயணி என்ற சமாதானம் எடுபடாது.

படி 5: டூர் பஸ் வேலையைச் செய்கிற ஊர் வண்டிகளைத் தேடுங்கள்

எனக்கு மிகப் பிடித்த படி இது. தினமும் வேலைக்குப் போகிறவர்கள் ஏறுகிற சில வண்டிகள், முக்கியமான இடங்களையெல்லாம் தொட்டுக்கொண்டு போகும். சாதாரணக் கட்டணம்தான், வர்ணனை மட்டும் இல்லை.

பெர்லினின் 100-ஆம் எண் பஸ் இதற்கு நல்ல உதாரணம். பிரிந்திருந்த நகரின் மேற்கையும் கிழக்கையும் இணைத்து 1990-இல் ஓடத் தொடங்கியது. ஸூ நிலையத்தில் ஏறினால் வெற்றித் தூண், நாடாளுமன்றம், பிராண்டன்பர்க் வாயில் பக்கம், அருங்காட்சியகத் தீவு என்று அலெக்சாண்டர் சதுக்கம் வரை கொண்டுபோய் விடும். இரட்டைத்தள வண்டி, மேலே முன்சீட் கிடைத்தால் அதிர்ஷ்டம். லண்டனில் 15-ஆம் எண் பஸ் டவர் கோட்டை, செயின்ட் பால் தேவாலயம் வழியாக ட்ரஃபால்கர் சதுக்கத்துக்குப் போகிறது. அந்த ஊரில் ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் ஒரே கட்டணம் என்பதால் இடையில் இறங்கி ஏறுவதும் சுலபம்.

ஹாங்காங் தீவில் 1904 முதல் ட்ராம் ஓடுகிறது. இரட்டைத்தள ட்ராம், எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம். மேல்தள ஜன்னலில் உட்கார்ந்தால் சந்தையும் வானளாவிய கட்டடங்களும் கைநீட்டும் தூரத்தில் நகர்ந்துபோகும். அதே ஊரின் ஸ்டார் ஃபெர்ரியில் துறைமுகத்தைக் கடக்கச் சுமார் பத்து நிமிடம்.

படகு இருக்கும் ஊரில் முதலில் படகைத் தேடுங்கள் என்பேன். நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுப் படகு 1997 முதல் இலவசம். இரவு பகலாக ஓடுகிறது. ஒரு பக்கத்துக்கு 25 நிமிடம். மன்ஹாட்டனிலிருந்து போகும்போது வலது பக்கம் நின்றால் சுதந்திர தேவி சிலை தெரியும். சிலை இருக்கும் தீவில் அது நிற்காது. அங்கே கால் வைக்க வேண்டும் என்றால் வேறு படகு, வேறு டிக்கெட். வெனிஸில் 1-ஆம் எண் வாப்பொரெத்தோ, அதாவது அந்த ஊரின் படகு பஸ், கிராண்ட் கால்வாய் நெடுக ஏறக்குறைய எல்லாத் துறையிலும் நின்று போகிறது. தனி டிக்கெட் 75 நிமிடத்துக்குத்தான் செல்லும், விலையும் அதிகம். நாலைந்து முறை ஏறுவதானால் நாள் பாஸ் வாங்கிவிடுங்கள்.

இரண்டு வகை வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டுமென்றால் பாங்காக்கின் சாவ் பிரயா ஆற்றுக்குப் போக வேண்டும். நீலக் கொடி கட்டிய சுற்றுலாப் படகும் ஆரஞ்சுக் கொடி கட்டிய பயணிகள் படகும் அதே ஆற்றில் ஓடுகின்றன. நீலத்தில் வர்ணனை, குறைந்த துறைகள், உட்கார இடம், நாள் பாஸ். ஆரஞ்சில் அந்தந்தப் பயணத்துக்கு மட்டும் சொற்பக் கட்டணம், நெரிசல், துறையில் சில நொடிகள்தான் நிற்கும். இரண்டு மூன்று இடம் மட்டும் போகிறவருக்கு ஆரஞ்சு போதும். வயதான பெற்றோரோடு நாள் முழுக்க ஏறி இறங்குவதானால் நான் நீலத்தைத்தான் சொல்வேன்.

பிரபலமான ஊர் வண்டிகளில் ஒரு தொல்லையும் உண்டு. லிஸ்பனின் 28-ஆம் எண் ட்ராமும் ரோமின் டெர்மினி நிலையத்திலிருந்து வத்திக்கான் பக்கம் போகும் 64-ஆம் எண் பஸ்ஸும் பிக்பாக்கெட்டுக்குப் பேர்போனவை. 28-இல் பகல் வேளையில் ஏறவே வரிசை நிற்கும். விடிகாலையில் போனால் அதே குறுகிய சந்துகளை உட்கார்ந்தபடி பார்க்கலாம். சான்பிரான்சிஸ்கோவின் கேபிள் கார் (சாலைக்கடியில் ஓடும் கம்பிவடம் இழுக்கிற ட்ராம்) ஊர் வண்டிதான் என்றாலும் சாதாரண பஸ் கட்டணம் அதில் செல்லாது, தனிக் கட்டணம்.

படி 6: கூட வருவது யார்?

நடக்கச் சிரமப்படும் பெரியவர்கள் இருந்தால் 'டூர் பஸ் எதிர் மெட்ரோ' என்று யோசிக்காமல் 'படிக்கட்டு உண்டா இல்லையா' என்று யோசியுங்கள். பாரிஸ் மெட்ரோவில் முழுக்க லிஃப்ட் வசதியோடு இருப்பது 14-ஆம் தடம் மட்டும்தான். ஷாத்லே போன்ற நிலையங்களில் தடம் மாறவே நீண்ட சுரங்கப்பாதை நடக்க வேண்டும். அதே ஊரின் பஸ்களில் தாழ்தளம் இருக்கிறது. லண்டனிலும் பல மெட்ரோ நிலையங்களில் லிஃப்ட் கிடையாது, பஸ்களில் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் உண்டு. ஆக, முதியவர்களோடு போகும்போது மெட்ரோவை விட டவுன் பஸ் நல்லது. டூர் பஸ்ஸும் நல்லதுதான், கீழ்த்தளத்தில் உட்கார்ந்தால். மேல்தளப் படி செங்குத்து; பஸ் நகரும்போது ஏற விடாதீர்கள்.

குழந்தைகளுக்குத் திறந்த மேல்தளம் கொண்டாட்டம், முதல் ஒரு மணி நேரத்துக்கு. வெயிலும் வர்ணனையும் சேர்ந்து அதன்பின் அடம் தொடங்கும். கட்டணத்தையும் ஒப்பிடுங்கள். லண்டனில் 11 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பெரியவர்களோடு வந்தால் பஸ்ஸிலும் மெட்ரோவிலும் கட்டணம் இல்லை. டூர் பஸ்ஸில் அதே குழந்தைகளுக்குத் தனி டிக்கெட் கேட்கக்கூடும்.

நான்கு பேர் என்றால் சில தூரங்களுக்கு டாக்ஸியே மலிவாக வரும். கணக்கிலிருந்து அதை விட்டுவிடாதீர்கள்.

படி 7: நாளைப் பிரியுங்கள்

விமான மாற்றத்துக்கு நடுவே ஆறேழு மணி நேரம்தான் என்றால், நகரத்துக்கு மெட்ரோவில் போய், ஒரே ஒரு கொத்தை நடந்து பார்த்துத் திரும்புங்கள். நெரிசலில் நகராத டூர் பஸ்ஸின் மேல்தளத்தில் உட்கார்ந்துகொண்டு கடிகாரத்தைப் பார்ப்பது கொடுமை.

ஒரே ஒரு முழு நாள் இருந்தால், 'வெளியே' பட்டியல் நீளமாக இருக்கிறவர்களுக்கு டூர் பஸ். காலை முதல் வண்டியில் ஏறி முழுச் சுற்று, பிறகு இரண்டு இறக்கம், மாலையில் ஊர் வண்டி.

மூன்று நாளுக்கு மேல் என்றால் முதல் நாள் ஒரு சுற்று, மிச்சமெல்லாம் ஊர் வண்டி. 48 மணி நேர, 72 மணி நேர டூர் பஸ் டிக்கெட்டுகளில் கூடுதல் நாள் மலிவாகத் தெரியும். இரண்டாம் நாள் நீங்கள் அதே சுற்றில் உட்காரமாட்டீர்கள் என்பதுதான் நடைமுறை. படி 5-இல் சொன்ன மாதிரி ஒரு பஸ்ஸோ படகோ அந்த ஊரில் இருந்தால் முதல் நாளுக்குக்கூட டூர் பஸ் தேவையில்லை.

மாலை நேரத்தை எப்படியும் ஊர் வண்டிக்கே விடுங்கள். பல ஊர்களில் டூர் பஸ் ஐந்து ஆறு மணிக்கு நின்றுவிடும். இரவுச் சுற்று தனி டிக்கெட். மெட்ரோவுக்கும் கடைசி வண்டி உண்டு. நியூயார்க்கில் இரவு முழுக்க ஓடும், டோக்கியோவில் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும்.

படி 8: ஏறுகிற அன்று

டூர் பஸ் கடிகார முள் திசையில் சுற்றினால் நகர மையம் வலது கைப்பக்கம் வரும். எதிர்த்திசை என்றால் இடது கை. எந்தப் பக்கம் உட்காருவது என்பதை இதை வைத்து முடிவு செய்யுங்கள். கடற்கரை, ஆற்றங்கரைச் சாலை வருமா என்று மட்டும் ஒருமுறை சரிபாருங்கள். வழியில் ஏறுவதைவிடச் சுற்று தொடங்கும் நிறுத்தத்தில் ஏறினால் மேல்தள முன்சீட் கிடைக்க வாய்ப்பு அதிகம். தொப்பி காற்றில் பறக்கும், மரக்கிளைகள் தலையை உரசும். நின்றுகொண்டு போட்டோ எடுக்காதீர்கள். வர்ணனைக்கு உங்கள் சொந்த இயர்போன் செருகுமா என்று பாருங்கள்.

ஊர் வண்டியில் காலை அலுவலக நேரத்தைத் தவிர்த்துவிட்டு ஒன்பதரைக்கு மேல் கிளம்பினாலே பாதித் தொல்லை குறையும். ஊர் வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி போனில் இறக்கிவையுங்கள். தங்குமிடத்தின் பெயரை உள்ளூர் எழுத்தில் எழுதி போட்டோ எடுத்து வைத்திருந்தால், பேட்டரி இருக்கும்வரை யாரிடம் காட்டியும் வழி கேட்கலாம். பேட்டரி போய்விட்டால் என்ன செய்வது என்பவர்கள் ஒரு தாளிலும் எழுதிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

நகரத்துக்கு வெளியே இருக்கும் இடங்களுக்கு மட்டும் என் சிபாரிசு தலைகீழாக மாறும். கிராமப்புற பஸ் நாளைக்கு மூன்றே முறை வரும், திரும்பும் வண்டியைத் தவறவிட்டால் இரவு தங்க வேண்டும் என்கிற இடத்துக்குக் கைடோடு போகும் கோச் டூர்தான் சரி. அதே இடத்துக்கு மணிக்கு ஒரு ரயில் ஓடுகிறதென்றால் ரயிலில் போங்கள். கோச்சில் போனால் வழியில் நினைவுப்பொருள் கடை ஒன்றில் முக்கால் மணி நேரம் நிறுத்துவார்கள். பயணத் திட்டத்தில் அது 'இளைப்பாறல்' என்று போட்டிருக்கும். பதிவு செய்யும் முன், போய்ச் சேரும் இடத்தில் மொத்தம் எவ்வளவு நேரம் விடுவார்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்.